தாங்கிக்குள் தொங்கிய வலை

முதலில் வந்தது வயிற்றுக்குத்து. காலையில் எழும்பியதும் மகள் தர்ஷி தொப்புளைப் பொத்திக்கொண்டு குசினி வாசலில் குந்திவிடுவாள். அப்போது அவளுக்கு மூன்றரை வயது. பிள்ளைகளுக்கு வயிறு நோவது ஒரு புதினமா? பூச்சி மருந்து கொடுத்தேன். மலம் இறுகிப் போகிறது என்று பப்பாப்பழம் கொடுத்தேன். கல்யாணத்துக்கு முன் மருந்துக்கடையொன்றில் நாலு வருடம் நின்றவள் நான். அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கு வரும் துணிச்சல் எனக்கும் இருந்தது.

இதை வாசிக்கிற நீங்களும் இப்படி ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கலாம். உங்களுக்குத் தைரியம் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. களைத்துப் போயிருக்கிறேன். நடந்ததை ஒழுங்காகச் சொல்லலாம், அவ்வளவுதான்.

எங்கள் வீடு திருகோணமலை நகரத்தில், துறைமுகப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. என் கணவருக்கு மீன்பிடித் துறையில் ஐஸ் உடைக்கிற இடத்தில் வேலை. விடிய முன் போனால் பின்னேரம்தான் வருவார்; சாப்பாடு, தண்ணீர் எல்லாம் அங்கேதான். வீட்டில் நானும் தர்ஷியும். கிணறு உவர் என்பதால் குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீர். பகலில் அது நூலாகத்தான் வரும். அதனால் வெளியே உயரமாக ஒரு தாங்கி வைத்து நிரப்பிக்கொள்வோம்; குசினிக் குழாய்க்கு அதிலிருந்துதான் வரும். ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

மூன்று மாதம் போனது. பிள்ளை வெளிறினாள். கண் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பில்லை. சந்தியில் இருக்கும் டொக்டர் இரத்தச்சோகை (இரத்தத்தில் சிவப்பணுக்கள் குறைவது) என்று சொல்லி இரும்புச்சத்துப் பாணி எழுதித் தந்தார். அந்த நாட்களில்தான் இன்னொன்றும் நடந்தது. பிள்ளை கதைப்பதைக் குறைத்தாள். முன்பு அணில், காகம், ஐஸ் லொறி என்று வாய் ஓயாது. இப்போது எதற்கும் கையைக் காட்டினாள். "அப்பா வேலைக்கு" என்று தொடங்கி மிச்சத்தைத் தேடுவாள். கிடைக்காவிட்டால் என் கையைக் கடிப்பாள்.

எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான். வயிற்றுக்குத்துக்கு மருந்து உண்டு. போன பேச்சு திரும்பி வருமா என்று ஆரிடம் கேட்பது?

பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும். கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டும். தண்ணீர்க் கந்தோர் (குழாய்த் தண்ணீர் வழங்கும் அரச அலுவலகம்) கிடைத்தது.

அப்போது வீதியில் குழாய் மாற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு தரம் தண்ணீர் மண் நிறத்தில் வந்தது. குளோரின் மணம் மூக்கை அடித்தது. தாங்கியின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது; அதையும் குளோரின் கணக்கில் எழுதினேன். எங்கள் பக்கத்தில் பிழை இருக்க ஏலாது என்பது என் எண்ணம். மாதம் ஒருமுறை இவர் தாங்கியைக் கழுவுவார். குரங்கு கை வைக்காதபடி நான் மூடியும் வைத்திருந்தேன். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுப்பேன். பிறகென்ன, பிழை வெளியில் இருந்துதானே வர வேண்டும். ஒரு மகஜர் எழுதி ஒழுங்கை முழுக்கக் கையெழுத்து வாங்கினேன். பக்கத்து வீட்டு ராணி அக்கா முதல் ஆளாக வைத்தார்.

கந்தோரில் இருந்த உத்தியோகத்தர் வயதான, அமைதியான மனிதர். ஆள் அனுப்பிப் பரிசோதிக்கலாம் என்றார். எனக்கு அது தட்டிக்கழிப்பாகப் பட்டது. குசினிக் குழாயில் பிடித்துக் கொண்டுபோன போத்தலை அவருடைய மேசையில் வைத்து, உங்கள் தண்ணீரை நீங்களே குடித்துக் காட்டுங்கள் என்று சத்தம் போட்டேன். மனிதர் ஒரு கிளாஸில் ஊற்றி மடக்கு மடக்கென்று குடித்துவிட்டார். கூட வந்த ராணி அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கு ஆத்திரம் இன்னும் கூடியது.

வீட்டுக்கு வந்து அதே தண்ணீரை இரண்டு தரம் கொதிக்க வைக்கத் தொடங்கினேன். கேத்தலில் பாதியாக வற்றும் வரை விட்டு, ஆற்றி, பிள்ளைக்குக் கொடுத்தேன். கூடுதலாகக் குடித்தால் மலம் இளகும் என்று கெஞ்சிக் கெஞ்சிக் குடிக்க வைத்தேன். இந்த இடத்தை எழுதக் கை வரவில்லை.

ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவள் படியில் கால் தடுக்கி விழுந்தாள். எழும்பி நான்கு அடி நடந்து திரும்பவும் விழுந்தாள். மூன்றாம் தரம் எழும்பவில்லை. தரையில் இருந்தபடி என்னைப் பார்த்து அழுதாள். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பிள்ளைகள் வாட்டில் அவளுக்கு ஒரு கட்டில், எனக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை. அந்தக் கதிரையில் இருந்து இருந்து எனக்கு வந்த முதுகு நோ இன்னும் போகவில்லை.

வாட்டு டொக்டர் ஒரு இளம்பெண். நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது சிவப்பணுக்களுக்குள் நீலப் புள்ளிகள் தெரிந்ததாகச் சொன்னார். வெறும் இரும்புக் குறைவில் அப்படி வராதாம். இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினார். மறுமொழி வந்த அன்று இவரையும் கூப்பிட்டு இருத்தி வைத்துக் கேட்டார். பழைய பற்றரி உடைக்கிறீர்களா, ஈயம் உருக்குகிறீர்களா, வீட்டில் பழைய பெயின்ற் சுரண்டினீர்களா என்று. எல்லாவற்றுக்கும் இல்லை என்றோம்.

பிள்ளையின் உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறது என்றார். ஈய நஞ்சேற்றம் (ஈயம் சிறிது சிறிதாகச் சேர்ந்து இரத்தத்தையும் நரம்புகளையும் மூளையையும் பழுதாக்குவது). அது பெரியவர்களின் குடலில் கொஞ்சம்தான் ஏறும், சின்னப் பிள்ளையின் குடல் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் என்று விளங்கப்படுத்தினார்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "டொக்டர், பிள்ளை திரும்பக் கதைப்பாளா?"

"கொஞ்சம் வரும் அம்மா. எவ்வளவு எண்டு இப்ப சொல்ல ஏலாது. முதல்ல அது எங்க இருந்து வருதெண்டு பாத்து நிப்பாட்ட வேணும். இல்லாட்டி நான் குடுக்கிற மருந்தில பிரயோசனமில்லை."

அந்த நேரம் எனக்குள் ஒரு கேவலமான சந்தோசம் வந்தது. தண்ணீர்தான், நான் அப்போதே சொன்னேன்தானே என்று. அப்படி ஒரு நினைப்பு வந்தது உண்மை, அதை மறைக்கப் போவதில்லை.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (வீடுகளுக்கு வந்து சுகாதாரம் பார்க்கிற அரச உத்தியோகத்தர்) விடியக் காலையிலேயே வந்தார். வீதிக் குழாய் எங்கள் வளவுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு போத்தல் பிடித்தார். குசினிக் குழாயில் காலைத் தண்ணீர் ஒரு போத்தல். முடிவு வந்தபோது திரும்ப வந்தார். வீதிக் குழாயில் ஒன்றும் இல்லை. குசினிக் குழாயில் ஈயம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டார். தாங்கி என்றார் இவர்.

ஏணி வைத்து ஏறி மூடியைத் தூக்கினார். கையை உள்ளே விட்டு எதையோ இழுத்துப் பார்த்தார். பிறகு இறங்காமலே கேட்டார்.

"இந்த வீச்சு வலையை ஆர் இதுக்குள்ள கட்டினது?"

"நான்தான்" என்றேன். அந்த நிமிடம் வரைக்கும் அது எனக்குப் பெருமை.

திருகோணமலைக் குரங்குகளைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவை தாங்கி மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே இறங்கிக் குளிக்கும். மேலே கல் வைத்தால் கல்லை உருட்டிவிடும். எங்கள் மூடி இரண்டாக வெடித்துப் போனது. ஒன்றரை வருடத்துக்கு முன் பலகையில் ஒரு மூடி செய்வித்து, இவருடைய பழைய வீச்சு வலையை அதன் அடியில் கட்டினேன். வலை கடலில் தாழ வேண்டும் என்று அதன் விளிம்பு முழுக்க ஈயக் குண்டுகள் கோத்திருக்கும். குண்டுகள் தாங்கிக்குள் தொங்கிப் பாரத்தில் மூடியைக் கீழே இழுத்துப் பிடித்தன. வெளியில் குரங்குக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. இரண்டு கிழமை பாடுபட்டுப் பார்த்துவிட்டு அவை போய்விட்டன. ஒழுங்கையே வந்து பார்த்தது. ராணி அக்கா என் தலையில் தட்டி, "உனக்கு மூளைதான்" என்றார். மூன்று வீட்டுக்காரர் அதே மாதிரிக் கட்டினார்கள்.

பரிசோதகர் ஒரு குண்டை விரலால் தேய்த்துக் காட்டினார். வெள்ளைத் தூள் ஒட்டியது. நான் மகஜரில் எழுதிய அதே வெள்ளை. ஒன்றரை வருடமாக ஊறிக்கொண்டிருந்திருக்கிறது.

"நான் கொதிக்க வைச்சுத்தானே குடுத்தனான்" என்றேன்.

"கொதிச்சா கிருமி சாகும் தங்கச்சி. ஈயம் எங்க சாகும்? தண்ணி வத்த வத்த அது கூடும்."

இவர் வாசலில் நின்றபடி, வலை என்னுடையது, மாதாமாதம் தூக்கிக் கழுவினதும் நான், நான்தான் பார்த்திருக்க வேண்டும் என்றார். எனக்காகத்தான் சொன்னார். ஆனால் அதைத் தாங்க என்னால் முடியவில்லை. இதையாவது எனக்கு விட்டுவிடுங்கள் என்று அவர் மேல் பாய்ந்தேன். பிறகு இருவரும் அழுதோம்.

மூன்று வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். பரிசோதகர் தானே சொல்வதாகச் சொன்னார்; நான் விடவில்லை. இரண்டு வீட்டில் ஏசினார்கள். ஏச்சு வாங்குவது சுகமாகத்தான் இருந்தது. கடைசியாக ராணி அக்கா வீடு. அவருடைய மருமகள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. அக்கா குசினியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தார். சொல்லி முடியும் வரை கையை அரிசிக்குள்ளேயே வைத்திருந்தார்.

"நீ சொன்னாயெண்டுதானே நாங்களும் கட்டினனாங்கள்" என்றார். குரல் உயரவில்லை. அந்த அரிசியைத் தண்ணீரோடு வளவில் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தர்ஷிக்குக் கொடுத்தது உலோகத்தைப் பிடித்துச் சிறுநீரோடு வெளியேற்றும் மருந்து. கூழ்முட்டை மணம். ஜாமில் குழைத்து, மூக்கைப் பொத்தி, பாட்டுப் பாடிக் கொடுக்க வேண்டும். பாதியைத் துப்பிவிடுவாள். மருந்து முடிந்தபோது இரத்தத்தில் அளவு நன்றாக இறங்கியிருந்தது. அன்று ஒழுங்கையில் நிமிர்ந்து நடந்தேன். அடுத்த தரம் பார்த்தபோது திரும்ப ஏறியிருந்தது.

வீட்டில் இன்னும் எங்கேயோ இருக்கிறது என்று நான் பதறினேன். டொக்டர் என்னை இருக்கச் சொன்னார். வீட்டில் ஒன்றும் இல்லையாம். இரத்தத்தில் இருந்தது கொஞ்சம்தான், மிச்சம் எலும்பில் போய்க் குந்திவிட்டது, இரத்தம் குறையக் குறைய எலும்பு அதை வெளியே விடும் என்றார். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டேன். வருடக் கணக்கில் என்றார். பிறகு பேனையை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

"இவ பெரிசா வளந்து ஒரு பிள்ளை வயித்தில வரேக்க, எலும்பில மிஞ்சியிருக்கிறது கொஞ்சம் பிள்ளைக்கும் போகலாம். பயப்படுத்தச் சொல்லேல்ல அம்மா. அண்டைக்குப் பாக்கிற டொக்டருக்கு இதைச் சொல்ல வேணும். மறந்திடாதேங்கோ."

என் இரத்தத்திலும் இருந்தது. இவருடையதில் குறைவு. ராணி அக்காவின் மருமகளுக்கும் இருந்தது. பிள்ளை பிறந்துவிட்டது, பெண் பிள்ளை. இப்போது நாங்கள் ஒரே நாளில் கிளினிக் போகிறோம். அக்கா குழந்தையை வைத்துக்கொண்டு வாங்குப் பலகையின் ஒரு நுனியில் இருப்பார், நான் மறு நுனியில். நடுவில் இன்னொருவர் இருக்க இடம் இருக்கும். ஒரு நாள் குழந்தை அழுதபோது, பாலை எடுக்கும் வரைக்கும் பிடி என்று அதை என் கையில் தந்தார்.

தண்ணீர்க் கந்தோர்க்காரரிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒரு கிளாஸ்தானே பிள்ளை, ஒன்றும் செய்யாது என்று சிரித்தார். மகள் எப்படி என்று கேட்டார்.

மகளுக்கு இப்போது ஐந்தரை வயது. விழுவதில்லை. அணில் திரும்பி வந்துவிட்டது, ஐஸ் லொறியும் வந்துவிட்டது. நாலு சொல் சேர்த்துச் சொல்கிறாள். ஐந்தாவதுக்குக் கொஞ்சம் நிற்பாள். முன்பென்றால் நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன். இப்போது காத்திருக்கிறேன். சில நேரம் சோறு ஆறிவிடும். வகுப்பில் மற்றப் பிள்ளைகளை எட்டிப் பிடிப்பாளா என்று கேட்பதை விட்டுவிட்டேன். பதில் தெரிந்தவர்கள் இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இன்றைக்கே ஏணியை வைத்து ஏறி, உங்கள் தாங்கிக்குள் எட்டிப் பாருங்கள். நீங்களே கெட்டித்தனமாகச் செய்து வைத்ததை முதலில் பாருங்கள்.

நாட்களை முன்பு சம்பளம், திருவிழா, மழை என்று நினைவு வைத்திருந்தேன். பிறகு இரத்தம் எடுக்கிற நாள் மட்டும்தான் நாள். இப்போது அதுவும் போதாது. பிள்ளையைக் குளிப்பாட்டும்போது முழங்காலுக்குக் கீழே அந்த மெல்லிய எலும்பில் என் கை நிற்கிறது. வெளியில் ஒன்றும் தெரியாது. அவள் வளர வளர அதுவும் கூடவே இருக்கும். நான் கட்டிய ஒரு முடிச்சுக்காக இன்னும் இருபது, இருபத்தைந்து வருடம் காத்திருக்க வேண்டும்.

அலுமாரியில் அவளுடைய பிறப்புச் சான்றிதழோடு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அவள் தாயாகப் போகும் நாளில், பார்க்கிற டொக்டருக்குக் காட்டுவதற்கு. நான் அப்போது இருப்பேனோ தெரியாது. முதலில் எழுதியதில், சிறு வயதில் வீட்டுத் தண்ணீரில் ஈயம் இருந்தது என்று மட்டும் இருந்தது. வாசித்துப் பார்த்துக் கிழித்துவிட்டேன். இப்போது இருப்பதில் நாலு வரி. மூன்று வரி டொக்டருக்கு. கடைசி வரி தர்ஷிக்கு: தாங்கிக்குள் அந்த வலையைக் கட்டியது உன் அம்மா.