சுட்டால் எந்த பாஷையில் கத்துவான்?

என் இடது புறங்கையில் இருக்கிற தழும்பைப் பற்றி உங்கள் அம்மா ஒரு வரிக் கதை வைத்திருக்கிறாள். "உங்கப்பா கையில டீயை ஊத்திக்கிட்டுதான் என்னைக் கட்டினாரு." நீங்களும் சிரித்துவிட்டு அதோடு விட்டுவிட்டீர்கள். கதை பொய்யில்லை. ஆனால் அந்த டீயை ஏந்திக்கொண்டு நின்றது நான் மட்டும் இல்லை, இன்னொருத்தனும் இருந்தான். அவன் நிஜ ஆள் இல்லை, நாடகத்தில் வந்த ஆள். அவனைப் பற்றி எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. நான் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் கடைசி அது. கோவில்பட்டிப் பக்கமிருந்து ஓசூருக்கு லேத் வேலைக்கு வந்திருந்தேன். வந்த புதிதில் எனக்கு வேலை கஷ்டமாக இல்லை, பேச்சுதான் கஷ்டமாக இருந்தது. டீக்கடையில் கன்னடம், வீட்டு ஓனர் வீட்டில் தெலுங்கு. தமிழ் பேசுகிறவர்களிடமாவது நிம்மதியாகப் பேசலாம் என்றால் அதுவும் இல்லை. எங்கள் ஊரில் பஸ் வந்துவிட்டது என்பதை "பஸ்ஸு வந்துட்டு" என்போம். நான் அப்படிச் சொன்னால் ரூமில் கூட இருந்த சேலத்து நண்பன் காதைக் கொடுத்துக்கொண்டு காத்திருப்பான்.

"வந்துட்டு... ம், வந்துட்டு என்னா பண்ணுச்சு? மீதியச் சொல்லு மாப்ள."

அவனுக்கு அது பாதியில் நின்ற பேச்சு. ரூமே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆறு மாசத்தில் "வந்துட்டு" போய் "வந்துடுச்சு" ஆனது. டீக்கடையில் "ஊட்டா ஆயித்தா" என்று கன்னடத்தில் சாப்பாடு விசாரிக்கவும், ஓனரம்மாவிடம் "பாகுன்னாரா" என்று தெலுங்கில் நலம் கேட்கவும் பழகிக்கொண்டேன். பார்க்கிறவர்களுக்கெல்லாம் என்னைப் பிடித்துப்போனது. "நல்ல பையன், சிரிச்ச மூஞ்சி" என்றார்கள்.

உங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான் பிடித்திருக்க வேண்டும். அவள் அதே கம்பெனியில் அசெம்பிளியில் வேலை பார்த்தாள். தினமும் பாகலூர் பஸ்ஸில் வருவாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் என்று தெரிந்ததும் என் தெலுங்கை அவளிடம் செலவு செய்ய ஆரம்பித்தேன். அது கல்யாணப் பேச்சு வரைக்கும் வந்து நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாகலூர் போய் உங்கள் தாத்தாவைப் பார்த்தேன். அவர் தோட்டத்தில் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். நான் போனவுடன் தெலுங்கில் ஆரம்பித்தேன். வீடு நன்றாக இருக்கிறது, தோட்டம் நன்றாக இருக்கிறது, காய் நன்றாக இருக்கிறது. அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். நடுவில் பக்கத்துத் தோட்டக்காரர் வந்தார், அவரிடம் கன்னடத்தில் இரண்டு வார்த்தை போட்டேன். கொல்லென்று சிரித்தார் அவர். தாத்தா சிரிக்கவில்லை.

மறுநாள் கேன்டீன் வாசலில் அம்மா வந்து சொன்னாள்.

"நைனா யோசிக்கறாரு."

"என்ன யோசனை? நல்லாத்தானே பேசினேன்."

"அதான் யோசனை. 'எல்லார்கிட்டயும் அவங்கவங்க பாஷையில இனிக்க இனிக்கப் பேசறான். இவன் பாஷை எது? கோபம் வந்தா எதுல திட்டுவான்? அது தெரியாம பொண்ணு குடுத்தா, யாருக்குக் குடுத்தோம்னே தெரியாது'ன்னு சொல்றாரு. கெலமங்கலத்துல எங்க மாமா பையன் வேற இருக்கான். ஆயுத பூஜைக்கு நம்ம கம்பெனியில போடற நாடகம் பாக்க வர்றாரு. பாத்துட்டு முடிவா சொல்லிடறேன்னுட்டாரு." கிளம்பப் போனவள் திரும்பி, "கேட்டா எனக்கும் பதில் தெரியல. என்கிட்டயும் தெலுங்குதான பேசறீங்க" என்றாள்.

நாடகம் என்றதும் அவரை எப்படி வராமல் தடுப்பது என்றுதான் யோசித்தேன். ஏனென்றால் அதில் நான் போட்டிருந்த வேஷம் அப்படி.

ஸ்டோரில் கிளார்க்காக இருந்த அண்ணன் ஒருத்தர் எழுதிய நாடகம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்ன ஓட்டல். அங்கே ஒரு சப்ளையர். அவனுக்குப் பேர் கிடையாது, எல்லாரும் "தம்பி" என்று கூப்பிடுவார்கள். வருகிறவன் லாரி டிரைவரானால் கன்னடம், காய்கறி வியாபாரியானால் தெலுங்கு, ஆபீசரானால் தமிழ். எல்லாரையும் சிரிக்கவைத்து நேற்றுப் போட்ட போண்டாவை இன்றைக்கு விற்றுவிடுவான். அண்ணன் வார்த்தையில் சொன்னால், "ஆறிப்போன போண்டாவை வாயாலயே சூடு பண்றவன்." மூன்று பாஷையும் தட்டுத் தடுமாறாமல் பேசுகிற ஆள் நான் ஒருத்தன்தான் என்று என்னைப் பிடித்துப் போட்டிருந்தார்.

விஷயத்தைக் கேட்ட ரூம் நண்பன் கட்டிலில் உருண்டு சிரித்தான். "மாமனார் பாக்க வர்றது மாப்பிள்ளைய. மேடையில நிக்கறது போண்டா ஏமாத்துறவன். மாப்ள, எதுக்கு அவ்ளோ தூரம் சிரமப்படற? நேரா கெலமங்கலம் போயி அந்தப் பையனுக்கு மாலைய நீயே போட்டுட்டு வந்துடு."

அண்ணனிடம் போய் வேஷத்தை மாற்றச் சொன்னேன். "யாரைப் போடறது? நீயே சொல்லு" என்றார். யாரும் இல்லை. சரி, நடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் இவன் யார் என்றாவது தெரிந்துகொள்வோம் என்று அப்போதுதான் முதல் தடவையாக அவனைப் பற்றி யோசித்தேன். அதுவரை வசனத்தை மனப்பாடம் செய்தேனே தவிர ஆளை நினைத்ததில்லை.

யோசிக்க யோசிக்க ஒன்று தட்டுப்பட்டது. நாடகம் முழுக்க அவன் எல்லாரையும் உட்கார வைக்கிறான், அவன் உட்காருவதே இல்லை. எல்லாரிடமும் சாப்பிட்டீர்களா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்கிறான். அவனை ஒருத்தரும் எதுவும் கேட்பதில்லை. அவன் தனியாக இருக்கிற இடத்தில் அவனுக்கு ஒரு வரிகூட இல்லை.

"அண்ணே, இவனுக்குச் சொந்த ஊர் எது?"

"ஊரா? ஓட்டல்ல இருக்கான்ல, அப்புறம் ஊரு எதுக்கு?"

"வீட்டுல என்ன பாஷை பேசுவான்?"

"யோவ், எழுதின எனக்கே தெரியாததெல்லாம் கேக்காத. சிரிச்சுக்கிட்டு தட்டை வை, போதும்."

ஒத்திகை கேன்டீன் ஷெட்டில் நடந்தது. ஒரு காட்சியில் லாரி டிரைவர் கையை வீசிப் பேசும்போது டம்ளர் தட்டி, தம்பியின் கையில் டீ கொட்டும். அவன் "அய்யோ" என்று குதிக்க வேண்டும், ஜனம் சிரிக்க வேண்டும். எனக்கு அந்த இடத்தில் கால் எழும்பவில்லை. உங்கள் தாத்தா கேட்ட கேள்வி காதிலேயே இருந்தது.

"அண்ணே, சுட்டா இவன் எந்த பாஷையில கத்துவான்?"

"அய்யோன்னு."

"அதான், எந்த பாஷை?"

லாரி டிரைவராக நடித்தவர் எங்கள் மில்லிங் ஆபரேட்டர், கன்னடக்காரர். "ஏ, அய்யோ நம்மது கூட தானப்பா. நாங்க மட்டும் என்னா சுட்டா சிரிக்கறோமா?" என்றார். காய்கறி வியாபாரியும் விடவில்லை, தெலுங்கிலும் அய்யோதான் என்றார். "அப்ப 'அம்மா'ன்னு வெச்சுக்கலாம்" என்றான் ரூம் நண்பன். "அம்மாவும் எல்லாருக்கும் அம்மாதான்டா" என்றார் அண்ணன். "மூணு பாஷைக்காரனும் ஒரே மாதிரி கத்தறான், இதுக்குப் போயி ஒரு ஒத்திகையை நிறுத்திட்டியே!" ஷெட் முழுக்க சிரிப்பு.

சிரிப்பு அடங்கினதும் எனக்கு விளங்கிவிட்டது. இவன் கத்தவே மாட்டான். கத்தினால் சொந்தக் குரல் வெளியே வந்துவிடும். எங்கிருந்தோ வந்தவன் இவன். நின்றுகொள்ள ஒரு இடம் வேண்டும், அதற்காக எல்லாருக்கும் பிடித்தமானவனாக ஆகிக்கொண்டான். போண்டா விற்கிற சாமர்த்தியம் மேலே தெரிகிறது. அடியில் இருப்பது 'என்னை அனுப்பிவிடாதீர்கள்' என்கிற பயம். ஏமாற்றுக்காரனாக இருந்தால் தனக்கென்று ஏதாவது சேர்த்திருப்பான். இவனிடம் சொந்தமாக ஒரு வார்த்தைகூட மிச்சம் இல்லை. எனக்கு அவன் மேல் இருந்த கோபம் போய்விட்டது. அவனை எனக்கு நன்றாகத் தெரியும் போல இருந்தது. எப்படித் தெரியும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"அண்ணே, நான் கத்தல. கை சுட்டதைக் காட்டிக்காம அந்த டிரைவர்கிட்ட 'உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே'ன்னு கேக்கறேன். அவரு பாஷையிலயே."

அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சிரிப்பு வருமா?"

"வந்தா வரட்டும்."

ஆயுத பூஜை அன்றைக்கு மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்து முடித்ததும் ஷெட்டுக்கு வெளியே பந்தலில் நாடகம். பகல் வெளிச்சம் என்பதால் மேடையிலிருந்தே எல்லார் முகமும் தெரிந்தது. தாத்தா வெள்ளைச் சட்டையும் தலையில் துண்டுமாக இரண்டாவது வரிசையில் இருந்தார். பக்கத்தில் அம்மா. நான் அந்தப் பக்கமே பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்தேன்.

போண்டா காட்சிக்குப் பந்தலே அதிர்ந்தது. தாத்தா மட்டும் அப்படியே இருந்தார். பிறகு டீ வந்தது. ஒத்திகையில் டம்ளரில் சாயத் தண்ணீர்தான் ஊற்றுவோம். அன்றைக்கு கேன்டீன் மாஸ்டருக்கு உற்சாகம். நாடகமானாலும் டீ டீயாக இருக்கட்டும் என்று அடுப்பிலிருந்து இறக்கினதை அப்படியே ஊற்றிக் கொடுத்திருக்கிறார். எனக்குத் தெரியாது. மில்லிங் ஆபரேட்டர் கையை வீசினார். டம்ளர் கவிழ்ந்தது.

என்ன சொல்ல! தோல் உரிந்த மாதிரி இருந்தது. தொண்டை வரைக்கும் எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. ஆனால் மேடையில் நிற்பது தம்பி. அவன் கத்த மாட்டான் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். சிரித்த முகமாக, "நிமகே ஏனூ ஆக்லில்ல அல்வா சார்?" என்றேன். உங்களுக்கு ஒன்றும் ஆகலையே என்று. பின்வரிசையில் சிரித்தார்கள். முன்வரிசையில் சிரிப்பு பாதியில் நின்றது, கையிலிருந்து ஆவி வந்ததைப் பார்த்திருப்பார்கள் போல. மில்லிங் ஆபரேட்டருக்கு அடுத்த வசனம் மறந்து, வாயைத் திறந்தபடி என் கையையே பார்த்தார். தாத்தா எழுந்து நின்றுவிட்டார். பின்னாலிருந்து யாரோ "பெரிசு, உக்காருய்யா, மறைக்குது" என்று கத்தினார்கள். அவர் உட்காரவில்லை.

எப்படி நாடகத்தை முடித்தேன் என்று நினைவில்லை. முடிந்ததும் கேன்டீன் பின்னால் குழாயடிக்கு ஓடினேன். அங்கே எனக்கு முன்னால் தாத்தா வந்து குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"செய்யி காலிந்தா?" என்றார். கை சுட்டுவிட்டதா என்று.

எனக்கு பதில் தயாராக இருந்தது. ஒன்றுமில்லை மாமா என்பதைத் தெலுங்கில் எப்படி இனிக்கச் சொல்வது என்று நன்றாகத் தெரியும். ஆனால் அவ்வளவு நேரம் பொறுத்த வாய். அவர் கேட்டதும் அது என் பேச்சைக் கேட்கவில்லை.

"சுட்டுட்டு மாமா" என்றேன்.

அவர் காத்திருந்தார். என் கையைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார்.

"சுட்டுட்டு...? அப்பறம்?"

"அவ்வளவுதான் மாமா. எங்க ஊருல அதோட முடிஞ்சிட்டு." எனக்குக் கண்ணில் தண்ணீர். அதோடு சிரிப்பும் வந்தது. "ரொம்ப எரியி மாமா. அந்த மாஸ்டரு எதுக்கு இம்புட்டு கொதிக்கக் கொதிக்க ஊத்துனாரு? வெளங்காத பய!"

தாத்தா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். தோட்டத்தில் நான் பார்க்காத சிரிப்பு. "இதான் உன் பாஷையா? திட்டுகூட இதுலதானா? இத்தினி நாளா எங்க வெச்சிருந்தே இத?" என்று தமிழில் கேட்டார். அவருக்குத் தமிழ் அவ்வளவு சரளம் இல்லை. எனக்காகத் தேடித் தேடிப் பேசினார்.

அதற்குள் அம்மா எங்கிருந்தோ தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடிவந்தாள். அவர் அவளைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். "ஊருல இருந்து உங்கப்பாவ வரச் சொல்லு. நீ அவருகூட பேசறத நான் பக்கத்துல உக்காந்து கேக்கணும்."

அம்மா கிண்ணத்தோடு சட்டென்று என் பக்கம் திரும்பினாள். எண்ணெய் என் சட்டையில் கொட்டினது அப்போதுதான். அந்தக் கறையும் போகவே இல்லை.

அவர்கள் பாகலூர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிப் போனார்கள். பந்தலில் ஜனம் கலைந்திருந்தது. மேடையில் ஓட்டல் பெஞ்சு மட்டும் அப்படியே கிடந்தது. ஸ்டோர் அண்ணன் ஓரத்தில் நின்று, "நான் எழுதினவன் வேற ஆளுப்பா. ஆனா இவன் நல்லா இருந்தான்" என்றார். நான் போய் அந்த பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தேன். அப்பாடா என்று இருந்தது. ரூம் நண்பன் பொரியைக் கொறித்துக்கொண்டே வந்தான்.

"ஏலே, ஒரு டீ கொண்டா" என்றேன்.

"கொண்டாறேன் மாப்ள. சூடாவா, ஆறினதா?"