பூட்டிய வீட்டுக்கு எழுதிய சொல்

சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் பதினான்கு ஆண்டுகளாக ஆங்கிலம் நடத்துகிறேன். ஏழாம் வகுப்புக்கு ‘மைக்ரேட்’ என்ற சொல்லை விளக்கும்போது கரும்பலகையில் ஒரு பறவையை வரைவேன். குளிர் தாங்காமல் கிளம்பி வரும், பிச்சாவரம் பக்கம் தங்கும், பருவம் மாறினால் தன் இடத்துக்கே திரும்பிவிடும் என்பேன். பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும்.

அதே சொல்லை என் அப்பா அம்மாவின் பெயருக்கு நேராகப் பார்த்தது போன வருஷம் ஆடி மாதத்தில்.

அவர்கள் இருப்பது ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில். பொங்கல் முடிந்த கையோடு கரும்பு வெட்டக் கிளம்பிவிடுவார்கள். ஆள் சேர்க்கும் மேஸ்திரி அனுப்பும் லாரியில் அரிசி மூட்டை, குண்டான், வெட்டுக் கத்தி எல்லாம் ஏறும். எந்த ஊர்க் கரும்புக் கொல்லையோ, அதன் ஓரத்தில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு மூன்று நான்கு மாதம். சித்திரை கடைசியில் கைகால் எல்லாம் கரும்புத் தோகை கிழித்த கோடுகளோடு வீடு திரும்புவார்கள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இப்படித்தான்.

அந்த வருஷம் மாசியில், ஓட்டை வீடுகளுக்குப் பதிலாகக் கான்கிரீட் வீடு கட்டித் தர யார் யாருக்குத் தகுதி என்று கணக்கெடுக்க ஆள் வந்திருக்கிறார். பதினோரு வீடுகளில் பூட்டு தொங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. ஆடியில் ஊராட்சி அலுவலகச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். தெருப் பையன் ஒருவனிடம் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லிவிட்டு அம்மா போன் செய்தாள்.

“இங்கிலீசுல என்னமோ போட்டிருக்காம் பாப்பா. பாத்து சொல்லு.”

பதினோரு வரியிலும் ஒரே குறிப்பு: ‘மைக்ரேட்டட்’. நீங்கள் ஊரை விட்டுப் போய்விட்டதாக எழுதியிருக்கிறார்கள் என்றேன்.

“நாங்க எங்க போனோம்? வேலைக்குத்தான போனோம். சாமானெல்லாம் வீட்லதான கெடந்துது.”

அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கு லீவு போட்டேன். அம்மாவைச் சிதம்பரத்துக்கு வரச் சொல்லி, கடலூருக்கு பஸ் பிடித்து, கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போனோம். செம்மங்குப்பம் தாண்டும்போது ரசாயனத் தொழிற்சாலைகளின் நெடிக்கு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் பொத்தவில்லை. கைப்பையிலிருந்த அகராதியை இறுக்கிப் பிடித்தபடி, பேச வேண்டியதை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மனுவை வாங்கியவர்கள் எங்களை ஓர் அதிகாரியிடம் அனுப்பினார்கள். அவர் கத்தவில்லை, விரட்டவில்லை. உட்காரக்கூடச் சொன்னார். வீடு பூட்டியிருந்தால் அப்படித்தான் எழுதுவார்கள், அடுத்த கணக்கெடுப்பில் பார்க்கலாம் என்றார். அந்தச் சொல்லுக்குப் பருவத்துக்குப் போய்த் திரும்புவது என்று பொருள், தொலைந்து போவது என்று பொருள் இல்லை என்றேன். அகராதியைத் திறந்து அவர் பக்கம் தள்ளினேன். பொறுமையாகப் படித்தார். பிறகு விரலை வைத்துக் காட்டினார்.

“நீங்க சொல்றது பறவைக்கு மேடம். மனுஷங்களுக்குக் கீழ தனியா போட்டிருக்கு பாருங்க. வேற எடத்துக்குக் குடி போறதுன்னு.”

அவர் சொன்னது சரி. அச்சில் அப்படித்தான் இருந்தது. பறவைக்குத் திரும்பி வருவதும் சேர்த்துப் பொருள் எழுதியிருக்கிறார்கள். மனுஷனுக்குப் போவது மட்டும்தான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் இரண்டாவது பொருளை நான் வகுப்பில் சொன்னதே இல்லை. பறவையோடு நிறுத்திக்கொண்டேன்.

அம்மாவுக்கு அகராதிச் சண்டை விளங்கவில்லை. எழுந்து மேசைக்குப் பக்கத்தில் போனாள்.

“சார், நான் இங்கதான நிக்கிறேன். போயிட்டேன்னு எழுதியிருக்கீங்களே.”

அவர் அம்மாவைப் பார்க்காமல் என்னிடம், மறுவிசாரணைக்கு எழுதுகிறேன் என்றார்.

திரும்பும் பஸ்சில் அவர்மேல் இருந்த கோபம் மெல்ல என்மேல் திரும்பியது. தை பிறந்தால் ஆசிரியர்கள் அறையில் யாராவது அப்பா அம்மாவைப் பற்றிக் கேட்பார்கள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்பேன். கரும்பு வெட்டப் போயிருக்கிறார்கள் என்று பதினான்கு வருஷத்தில் ஒருமுறைகூட வாயில் வரவில்லை. பூட்டைப் பார்த்துவிட்டு ஒரு ஆள் பொய் எழுதினார். சாவி எங்கே இருக்கிறது என்று தெரிந்தே நான் பொய் சொல்லியிருக்கிறேன். மறுநாள் அந்த அறையில் எல்லோர் முன்னாலும் உள்ளதைச் சொன்னேன். ஒருவர், “பாவம், இந்த வயசுலயா” என்றார். அந்தப் பாவத்துக்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

பதினோரு வீட்டுக்கும் தனித்தனியாக மனு எழுதினேன். நான்கு முறை அலைந்தேன். ஐப்பசி மழையில் ஓர் ஆள் வந்து, ஒழுகும் வீடுகளில் நின்று, எல்லோரும் ஊரில்தான் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போனார். பெயர்கள் திரும்பச் சேர்ந்தன. ஆனால் அந்த வருஷத்துக்கான வீடுகள் ஒதுக்கி முடிந்துவிட்டன என்றார்கள். அடுத்த பட்டியலில் பார்க்கலாம்.

இந்தத் தையிலும் மேஸ்திரி லாரி வந்தது. கரும்பு வெட்டில் ஜோடியாகப் போனால்தான் வேலை ஓடும். ஒருவர் வெட்ட, ஒருவர் கட்ட வேண்டும். ஆனால் அப்பா போகவில்லை. யாராவது கணக்கெடுக்க வந்தால் வாசலில் ஆள் வேண்டும் என்று அம்மா அவரை விட்டுவிட்டுத் தனியாக ஏறிப் போயிருக்கிறாள். கொல்லையில் யாரோடு சேர்ந்து வெட்டுகிறாள் என்று போனில் கேட்டேன்.

“நானே வெட்டி நானே கட்றேன். நீ போன வை, வெயில் ஏறுது.”