முகம் பார்க்கும் காவலாளி

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி வாசலில் அவர் காவலாளி. முன்னாள் ராணுவக்காரர். நரைத்த மீசை, இஸ்திரி கலையாத சட்டை. வேலை முடிந்து போகிறவர்கள் தோல் துண்டு எதையும் எடுத்துச் செல்கிறார்களா என்று சோதிப்பார். கைகள் பையைத் தடவும். கண்கள் ஆளின் முகத்திலேயே நிற்கும்.

"இன்னா மிலிட்டரி, தோலு மூஞ்சியிலயா கீது?" என்றார் ஒரு தொழிலாளி. காவலாளியும் சிரித்தார்.

கம்பெனிக்கு ஒரு வேலையாக வந்திருந்த நான், கூட்டம் போனதும் முகத்தையே பார்ப்பதன் காரணம் கேட்டேன்.

"மிலிட்டரில நாங்க தங்கியிருந்த பேரக்ஸ்ல ஒருத்தன் கூட இருந்த ஆளுங்களயே சுட்டுட்டான் சார். நாலு பேர் போய்ட்டாங்க. அன்னிக்கு டியூட்டிக்கு அவனுக்குத் துப்பாக்கி எடுத்துக் குடுத்தது நான்தான். துப்பாக்கி நம்பர சரிபாத்தேன். அவன் மூஞ்சிய பாக்கல."

"பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"அது தெரியாமத்தான் சார் தெனமும் பாக்கறேன்."

விடைபெற்றபோது என் முகத்தையும் பார்த்தார். என்ன தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.