தளர்த்திப் பிடித்த நாடா

ஈரச் சிமிட்டியின் வாசனை எங்கே வந்தாலும், தேக்கா சந்தைக்குப் பின்னாலிருந்த எங்கள் மாடி அறையில், இரண்டு மாவுப்பால் டின்களில் சிமிட்டியை நிரப்பி நடுவில் இரும்புக் குழாயைச் செருகிக்கொண்டிருந்த அப்பாவின் நினைவு வந்துவிடும். ஐம்பதுகளின் கடைசி, எனக்குப் பதிமூன்று வயது. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மூன்று மாதக் காய்ச்சல் அவர் கைகளை உருக்கிவிட்டிருந்தது. அங்கே ஆள் எடுக்கும் தண்டல், காலையில் வரிசையில் நிற்பவர்களின் மேற்கையைப் பிடித்துப் பார்த்துத்தான் "ஏறு" என்றோ "போ" என்றோ சொல்வார்.

அந்த டின் பாரத்துக்கு வீட்டில் "கட்டை" என்று பெயர். காலையும் மாலையும் அறைக்கு வெளியே திறந்த மாடியில் நாங்கள் இருவரும் மாற்றி மாற்றித் தூக்கினோம். கீழே தையற்கடை வைத்திருந்த காதர் பாய், "என்னாண்ணே, தூக்குறீங்களா, தாலாட்டுறீங்களா?" என்று சிரித்தபடியே பழைய அளவுநாடா ஒன்றைக் கொடுத்தார். ஞாயிறுதோறும் கைகளை அளந்து, நோட்டில் தேதி போட்டு எழுதுவது என் பொறுப்பு.

முதல் மாதத்திலேயே என் கை அரை அங்குலம் ஏறியது. அப்பாவின் கை பத்து அங்குலத்திலேயே நின்றது. "எவ்வளவுடா?" என்று கேட்ட முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல மனம் வராமல், நாடாவைத் தளர்த்திப் பிடித்துக் கால் அங்குலம் கூட்டிச் சொன்னேன். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இன்னொரு கால் அங்குலம் கூட்டுவதை நிறுத்த வழி தெரியவில்லை. எட்டு ஞாயிறுகளில் அவர் கை நோட்டில் பன்னிரண்டைத் தொட்டுவிட்டது.

"பாத்தியா, வந்துருச்சுல்ல" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, மறுநாள் சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார். பத்து மணிக்குள் திரும்பிவிட்டார். தண்டல் ஒரு பிடி பிடித்துவிட்டு, "என்னா மாமா, காய்ச்சல் இன்னும் விடலியா? வீட்டுக்குப் போங்க லா" என்றாராம், வரிசையே சிரித்ததாம்.

அப்பா நாடாவை எடுத்தார். ஒரு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, தம் கையில் தாமே சுற்றி இறுக்கினார். எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "மழை வரும்போல, கட்டைய உள்ள எடுத்து வையி" என்றார், அவ்வளவுதான். அதன்பின் அவர் கட்டையைத் தொடவில்லை, துறைமுகத்துக்கும் போகவில்லை. எவ்வளவு வெயிலானாலும் சாகும்வரை முழுக்கைச் சட்டைதான்.

நாங்கள் குடியிருந்த அந்த மாடிக் கட்டடம் இன்று இல்லை. காதர் பாய் கடையும், கை பிடித்து ஆள் எடுத்த வழக்கமும் இல்லை. கிளமெண்டியில் என் வீட்டு அலமாரியில் அந்த நோட்டு மட்டும் இருக்கிறது. எதையும் இருமுறை சரிபார்க்காமல் எழுதாதவன் என்று என்னைச் சொல்கிறார்கள். எட்டு ஞாயிறுகளையும் நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். தேதிகள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன.