கமாரோ வென்ற நாள்

போன ஞாயிற்றுக்கிழமை யூனியன்வில்லில் ஒரு கடைத்தொகுதியின் தரிப்பிடத்தில் பழைய கார்களைக் காட்சிக்கு நிறுத்தியிருந்தார்கள். நாற்பத்திமூன்று கார்கள். எண்ணாமல் இருக்க எனக்கு வராது. "தேத்தண்ணிச் சீனியை மட்டும்தான் நீங்கள் இன்னும் மணி மணியா எண்ணேல்ல" என்பாள் என் மனைவி வாணி. பன்னிரண்டாவது காரின் பொனற்றைத் திறந்து யாரோ எஞ்சினை முடுக்க, எரிந்தும் எரியாத அந்தப் பெற்றோல் மணம் வந்தது. பக்கத்தில் நின்ற ராசன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். அறுபத்தொன்பதாம் ஆண்டு மஸ்டாங், பச்சை. ஒருகாலத்தில் அவனிடம் இருந்ததும் அதே வகைதான்.

ராசன் முதலில் என் நண்பன். வாணியின் அண்ணன் என்பதால் பிறகு மச்சான். எண்பதுகளில், ஊரை விட்டு இந்தப் பனி நாட்டுக்கு வந்த புதிதில், நாங்கள் இருவரும் மல்வேர்னில் ஒரே பேஸ்மென்டில் இருந்துகொண்டு, ஒரே தொழிற்சாலைக்கு இரண்டு கார்களில் போன மடையர்கள். அந்த வகைக் கார்கள் அன்று யாருக்கும் வேண்டாத பழைய இரும்பு; பெற்றோலைக் குடிக்கும் என்பதால் மலிவு. அவன் மஸ்டாங் வாங்கினான். நான் அதே ஆண்டுக் கமாரோ வாங்கினேன். சிவப்பு விளக்கிலிருந்து அறுபது மைல் வேகத்தைப் பிடிக்க என்னுடையதற்கு எட்டு எண்ணினால் போதும், அவனுடையதற்குப் பத்து வேண்டும். வளைவுகளில்தான் என் வண்டி கொஞ்சம் யோசித்துத் திரும்பும்.

"உன்ர பெட்டி நேர் ரோட்டுக்கு மட்டும் செய்தது, மச்சான்."

"நீ வளைஞ்சு வளைஞ்சு வா. நான் அங்க தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிப்பன்."

இரண்டாம் குளிர்காலம் முடிய அவன் மஸ்டாங்கை விற்கப் புறப்பட்டான். நான் அவனை இருத்தி வைத்து விளக்கினேன்: கூரை பின்னால் சரிந்து இறங்கும் இந்த மொடல் அதிகம் இல்லை, எஞ்சின் மாற்றாத வண்டி, பனிக்கு வீதியில் கொட்டும் உப்பு இன்னும் அடித்தகட்டைத் தின்னவில்லை.

"விக்காதை. இன்னும் இருவது வருசத்தில பார், விலை எங்க போய் நிக்குமெண்டு."

"போகட்டுமடா. தங்கச்சி கொழும்பு லொட்ஜிலயெல்லோ இருக்கிறாள்."

விற்ற காசு, ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்குப் போனது. பதினொரு மாதத்தில் வாணி வந்து இறங்கினாள். மறு ஆண்டு எங்களுக்குக் கல்யாணம்.

என் கணக்குத் தவறவில்லை. அந்த மஸ்டாங்குக்கு இன்று சொல்கிற விலையில் மார்க்கம் நகரில் ஒரு வீட்டுக்கு முற்பணம் கட்டலாம். என் கமாரோ இன்னும் கூடப் போகும். எஞ்சின் இலக்கம் முதல் கதவுப்பிடி வரை எல்லாம் அசல்.

ஒவ்வொரு சித்திரையிலும் அதைக் கராஜிலிருந்து வெளியே எடுப்பேன். வாணி முன்சீட்டில் ஏறி, பெல்ட் போட முதலே தொடங்கிவிடுவாள்.

"அண்ணையின்ர கார்தான் திறம்."

"நீர் அதைக் கண்ணாலயும் காணேல்ல."

"காணாட்டி என்ன? அது என்னைக் கொண்டு வந்தது. உது என்னத்தைக் கொண்டு வந்தது? பாலும் பாணும்."

முப்பத்தாறு சித்திரைகள் இதே வாதம். இந்த மாசியில் வாணி இறந்துபோனாள். சித்திரை வந்தது, கமாரோவின் மேல் போர்த்த துணியை நான் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பழையபடி சண்டையைத் தொடக்கினால் இருவருக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, அந்தப் பச்சை மஸ்டாங்கைக் காட்டி, "உதுக்குப் பத்து எண்ண வேணும்" என்றேன். வளைவுகளைப் பற்றி ராசன் சொல்வான் என்று காத்திருந்தேன்.

"ஓம் மச்சான். உன்ர கமாரோதான் திறம்" என்றான்.

"விசர்க்கதை கதையாதை! வளைவில அது எப்பிடித் திரும்பும்?" என்று நான்தான் சத்தம் போட்டேன். அவன் அடுத்த காருக்கு நடந்தான்.

மஸ்டாங்குக்காகப் பேச இப்போது நான் ஒருவன்தான் மிச்சம்.