துலாத்தில் சூரியன், கீழ்பென்னாத்தூரில் நான்

ஜோசியர் தணிகாசலம் ஐயா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் என் அப்பா. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு வந்து அப்போதுதான் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். போனை எடுத்ததும் அழுகைச் சத்தம் கேட்டது. "அம்மாடி, சாமி போயிட்டாரும்மா. தூக்கத்துலயே போயிட்டாராம். நல்ல சாவுதான், இருந்தாலும் போயிட்டாரே" என்றார். என் அம்மா இறந்தபோதுகூட அப்பா இப்படி வாய்விட்டு அழுததில்லை. எனக்குத் துக்கம் வரவில்லை. ஒரு மனிதர் மேல் இத்தனை வருடக் கோபம் இருக்கும்போது, அவர் பதில் சொல்லாமலே எழுந்து போய்விட்டால் வருகிற எரிச்சல்தான் வந்தது.

அவருடைய மகன் குமரன் நினைவு மலர் ஒன்று போடுகிறார். "நீங்க பொறந்ததுல இருந்து அப்பாவுக்குத் தெரிஞ்சவங்க. ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்கக்கா" என்று கேட்டார். நான் எழுதினால் நன்றாக இருக்காது என்றேன். "பரவால்லக்கா, நெஜத்தையே எழுதுங்க" என்றார். அவரே கேட்டதால் எழுதுகிறேன். போனவர்களைக் குறை சொல்லக் கூடாது என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போகலாம். அதில் அவர் வாக்குப் பலிதம் உள்ள மகானாக இருப்பார்.

நான் ஐப்பசியில் பிறந்தவள். சூரியன் சித்திரையில் மேஷ ராசிக்கு வரும்போது உச்சம் என்பார்கள். அங்கே அவர் அரசன். ஐப்பசியில் துலா ராசிக்கு வரும்போது நீசம்; முடி இழந்த அரசன். ஜாதகத்தில் தகப்பனைக் காட்டுகிற கிரகம் சூரியன்தான். உயிர், எலும்பு, வலது கண், அதிகாரம், சர்க்கார் உத்தியோகம் எல்லாமே அவர் பொறுப்பு. நான் பிறந்த வருடம் சனியும் துலாத்தில் இருந்தது. சனி சூரியனுடைய மகன், ஆனால் இருவருக்கும் தீராத பகை. இந்த இரண்டு பேரும் என் ஜாதகத்தில் ஒன்பதாம் வீட்டில், அதாவது தகப்பனுக்கு உரிய வீட்டில், ஒன்றாகப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். மதியம் உச்சி சாய்ந்த நேரத்தில் நான் பிறந்ததுதான் அதற்குக் காரணம். கொஞ்சம் பொறுத்துச் சாயங்காலமாகப் பிறந்திருக்கலாமே என்று அம்மா பல முறை என்னிடம் குறைப்பட்டிருக்கிறாள்.

நான் பிறந்த அதே வாரத்தில், செங்கம் ரோட்டில் சைக்கிளில் போன அப்பாவை ஒரு லாரி தட்டிவிட்டுப் போனது. கால் எலும்பு முறிந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் ஜோசியருக்கு அது போதும். வட ஒத்தைவாடைத் தெருவில் இருந்த அவர் வீட்டுக்கு என் தாய்மாமா ஜாதகம் கணிக்கப் போயிருந்தார். "எலும்பு சூரியனோடது. இது மொத எச்சரிக்கை. ரெண்டாவது எச்சரிக்கைன்னு ஒண்ணு வராது, ஆளே போயிடுவாரு" என்றாராம். சூரியன் சாட்சியாக அப்பாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது என்று விதித்தார். பொழுது சாய்ந்த பிறகு பார்க்கலாம், கொஞ்சலாம், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். எவ்வளவு நாளைக்கு என்று மாமா கேட்டிருக்கிறார். "நான் சொல்ற வரைக்கும்" என்பதுதான் பதில்.

தோஷத்தோடு பிறந்த குழந்தையை எண்ணெயில் பார்க்கிற வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி, அதில் தெரிகிற முகத்தை முதலில் பார்த்துவிட்டால் தோஷம் கழிந்தது என்று அர்த்தம். அப்புறம் பிள்ளையை மடியில் தூக்கிப் போட்டுக்கொள்வார்கள். எனக்கும் அது நடந்தது. ஜோசியர் அதோடு விடவில்லை. ஒரு வேளையில் முடிகிற சடங்கை ஆயுசுக்கும் இழுத்துவிட்ட கெட்டிக்காரர் இந்த ஜில்லாவிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக் கடைப்பிடிக்க முடியாது. எனவே நான் கீழ்பென்னாத்தூரில் மாமா வீட்டில் வளர்ந்தேன். அம்மா பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே டவுனில் அப்பாவோடு. தேரடிப் பக்கம் தையல் கடை வைத்திருந்த அப்பா, கடையைப் பூட்டிவிட்டு, தாங்கித் தாங்கி நடந்து பஸ் ஏறி வருவார். விடிவதற்குள் கிளம்பிவிடுவார். என் யூனிபாரம் எல்லாம் அவர் தைத்ததுதான். அளவெடுத்தது டியூப் லைட் வெளிச்சத்தில். காலையில் பள்ளிக்கூட வாசலில், அப்பாவின் சைக்கிளிலிருந்து இறங்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். உங்கப்பா எங்கே என்று கேட்டால் வெளியூரில் வேலை என்று சொல்லிவைத்திருந்தேன்.

பிளஸ் டூ படிக்கும்போது துணிந்து தனியாகவே ஜோசியர் வீட்டுக்குப் போனேன். என் வகுப்பிலேயே அதே ஐப்பசியில் பிறந்த பெண் ஒருத்தி இருந்தாள். அவளைத் தினமும் அவள் அப்பாதான் கொண்டுவந்து விடுவார். "ஐயா, அந்த மாசம் முழுக்கப் பொறந்த எல்லாப் பிள்ளைங்களுக்கும் சூரியன் நீசம்தான? அத்தன பேரோட அப்பாவும் செத்தா போயிட்டாங்க?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "மழ ஊருக்கெல்லாந்தான் பெய்யுது பாப்பா. ஒழுகற வீட்லதான் சட்டி வைக்கணும்" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது ஆத்திரத்தில் அழுதேன்.

பிறகு நானே சோதிடப் புத்தகங்களை வாங்கிப் படித்தேன். ஆசையால் இல்லை, ஆளை மடக்கத்தான். துலாத்தில் சூரியன் நீசம் என்றால், அதே துலாத்தில் சனி உச்சம். நீசமான கிரகத்தோடு உச்சமான கிரகம் சேர்ந்தால் நீசத்தன்மை போய்விடும். அதற்கு நீச பங்கம் என்று பெயர். அவருடைய சாஸ்திரமே எனக்குச் சாதகமாகச் சொல்கிறது என்று கல்லூரி லீவில் மறுபடி போய் நின்றேன். முழுவதையும் கேட்டார். "கரெக்டா படிச்சிருக்க. பங்கம் உனக்கு. உங்கப்பனுக்கு இல்ல" என்றார். விழுந்தாலும் அவர் மீசையில் மண் ஒட்டாது. அவர் பேச்சு நன்றாக இருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காததும்.

சூரியன் கெட்ட ஜாதகத்துக்குச் சர்க்கார் வேலை கிடைக்காது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். நான் தேர்வு எழுதி, பாஸ் செய்து, இதே கலெக்டர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். இனிப்பு வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மரியாதைக்குப் போகவில்லை, மூக்கை உடைக்கப் போனேன். ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "தகப்பன விட்டுக் குடுத்தீங்க இல்ல? அதுக்குக் கூலிதான் சூரியன் இதக் குடுத்திருக்காரு" என்றார். அன்று இருட்டிய பிறகு அப்பாவிடம் இதைச் சொன்னபோது, அவர் ஜோசியர் வீடு இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். ராவும் பகலுமாகப் படித்தவள் நான், அவர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

என் கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறித்தவரும் அவர்தான். இரவு முகூர்த்தமாக வைத்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? வளர்பிறை, நல்ல லக்னம் என்று காலை ஏழரைக்குள் வைத்தார். தாரை வார்த்துக் கொடுத்தது மாமா. அப்பா மண்டபத்து ஸ்டோர் ரூமில், காய்கறிக் கூடைகளுக்கு நடுவில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கெட்டிமேளச் சத்தம் கேட்டதும் அங்கிருந்தே அட்சதையைக் கதவின் மேல் போட்டாராம். சமையல்காரர் ஒருவர் பிறகு சொன்னார். போட்டோகிராபர், "பொண்ணோட அப்பா எங்கங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உடம்பு சரியில்லை என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லி வைத்தார்கள். என் கல்யாண ஆல்பத்தில் அப்பா இல்லை.

அம்மா படுக்கையில் விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஜோசியரிடம் போய், "இன்னும் எவ்ளோ நாளு சாமி? எனக்கப்புறம் அந்த மனுசன பகல்ல யார் பாத்துக்கறது?" என்று கேட்டாள். அவர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "இன்னும் வேள வரல. வரும்போது நானே கூப்ட்டுச் சொல்றேன்" என்றார். அம்மா ஒரு முற்பகலில் போய்ச் சேர்ந்தாள். பிணத்தோடு நான் உள்ளே இருந்தேன், அப்பா தெருவில் பந்தலுக்குக் கீழே இருந்தார். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழ, பொழுது சாயும்வரை காத்திருந்தோம்.

அவர் ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் எப்போதோ மன்னித்திருப்பேன். அவர் அப்படி இல்லை. சொன்னதையெல்லாம் நம்பினார். காலையில் மொட்டை மாடியில் நின்று, இரண்டு கையாலும் தண்ணீரை ஏந்தி விட்டு, சூரியனைப் பார்த்து "தகப்பனே" என்று கூப்பிடுவார். கண்ணில் நீர் வழியும். அதைத் தெருவில் நின்று நானே பார்த்திருக்கிறேன். தனக்கு அவ்வளவு பெரிய தகப்பனை வைத்துக்கொண்டு, என்னுடைய தையல்காரத் தகப்பனை ஏன் பிடுங்கிக்கொண்டார் என்று அப்போதும் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

எடுக்கிற அன்று அப்பாவை அழைத்துப் போக வேண்டியிருந்தது. இரண்டு ஆட்டோ பிடித்தேன். "நீ முன்னால போம்மா, நான் பின்னால வரேன்" என்று போனிலேயே சொல்லிவிட்டார். ஜோசியரின் தலைமாட்டில் அப்பா குனிந்து நின்றதை எதிர்வீட்டு வாசலிலிருந்து, கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "எப்போன்னு சொல்லாமயே போயிட்டீங்களே சாமி." உங்களில் பலர் அப்போது பக்கத்தில் இருந்தீர்கள். அந்தக் கிழவர் எதைக் கேட்டார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. என்னைப் பகலில் பார்க்கலாமா என்றுதான் கேட்டார்.

கருமாதி முடிந்ததும் குமரனிடம் போனேன். அவரும் ஜோசியர்தான், கம்ப்யூட்டரில் பார்க்கிறவர். "எங்கப்பாகிட்ட வந்து போதும்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்று கேட்டேன். நல்ல மனிதர், அன்று இருட்டியதும் என்னோடு வந்தார். "ஐயா, நான் நல்லா பாத்துட்டேன். தோஷம் முடிஞ்சிடுச்சு. நாளையிலருந்து அக்கா பகல்லயே வரலாங்க" என்றார். அப்பா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "ரொம்ப சந்தோஷங்க தம்பி. ஆனா கட்டினவரு அவரு. அவுக்கறதும் அவருதான அவுக்கணும்?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எழுவது தாண்டியும் இப்படி உக்காந்திருக்கேன்னா யாராலம்மா?" என்றார். குமரன் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா உயிரோடு இருப்பதுதான் ஜோசியரின் சாட்சி. அதைத் தோற்கடிக்க வேண்டுமானால் நான் எதற்கு ஆசைப்பட வேண்டியிருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இட்லி எடுத்துக்கொண்டு காலையிலேயே அப்பா வீட்டுக்குப் போனேன். என் குரல் கேட்டதும் அவர் பதறிப்போய், நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்தார். டிபன் பாக்சைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். "போவாத. பின்னாலயே உக்காரும்மா. மூஞ்சியதான் பாக்கக் கூடாதுன்னாரு" என்றார். ஜோசியர் விதித்ததில் இப்படியொரு சந்து இருப்பது இத்தனை வருடத்தில் யாருக்கும் தோன்றவில்லை. நான் தரையில் உட்கார்ந்தேன். சுவரைப் பார்த்தபடியே சாப்பிட்டார். "சட்னி யார் அரச்சது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "உப்பு கம்மி" என்றார்.

மறைந்தவரிடமிருந்து உங்களிடம் என்ன இருக்கிறது என்று எழுதி முடிக்கும்படி எல்லோரிடமும் குமரன் சொல்லியிருக்கிறார். சிலரிடம் அவர் சொன்ன வாக்கு இருக்கும், சிலரிடம் அவர் கொடுத்த விபூதி இருக்கும். என்னிடம் இருப்பது என் அப்பாவின் முதுகு. ஜன்னல் வெயில் விழுந்த, சட்டை போடாத முதுகு. இடது தோளுக்குக் கீழே பெரிய மச்சம் ஒன்று, குனிந்து தைத்துத் தைத்துக் கூன் விழுந்த எலும்பு, வெயிலில் பொன் நிறமாகத் தெரிகிற நரை முடி. ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முகத்தைத் தணிகாசலம் ஐயா கொண்டுபோய்விட்டார்.