மல்லிகைப் பெட்டியில் போன வெள்ளைச் சாக்லேட்

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இந்தப் போன்தான் எழுதுகிறது. பிழை இருந்தால் அதைத் திட்டுங்கள்.

இன்று மகள் ஸ்டெல்லா கிறிஸ்துமஸுக்காக வெள்ளைச் சாக்லேட்டை உருக்கி, வறுத்த கடலையைக் கலந்து, ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

"அப்பா, நீங்க மட்டும் பக்கத்துல வராதீக!" என்றாள்.

நியாயம்தான்.

எண்பதுகளில் அவளுக்குப் பத்து வயது. குவைத்தில் நர்ஸாக இருந்த அத்தை கொண்டுவந்த சாக்லேட்டில் இதையேதான் செய்தாள். குளிரில் வைத்தால்தான் கட்டியாகும். எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் ஃப்ரிட்ஜ் கிடையாது.

அப்போது திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் எனக்குச் சுமை தூக்கும் வேலை. "ஐஸ் போட்ட மல்லிகைப் பெட்டியில செத்த நேரம் வச்சுத் தாரேன் தாயி" என்று டிபன் பாக்ஸில் வாங்கிப் போனேன்.

டீ குடித்துவிட்டு வந்தால் பெட்டியைக் காணோம்.

"அது லாரி ஏறிருச்சே அப்பு! மேல எர்ணாகுளம்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கு, பாக்காமயா வச்சீக?" என்றார் பூக்கடைக்காரர்.

பார்த்தேன். பார்த்து என்ன செய்ய?

லாரி போன ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் பள்ளிக்கூடத் தோழிகள் நான்கு பேரை வரச்சொல்லி, வரிசையாக உட்கார வைத்திருந்தாள் மகள்.

"கட்டியாயிருச்சாப்பா?"



எர்ணாகுளத்துப் பக்கம் யாராவது இருந்தால் விசாரித்துச் சொல்லுங்கள். மல்லிகைக்குள் ஒரு டிபன் பாக்ஸ் கிடைத்ததா? அது கட்டியாகியிருந்ததா? அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.